ஊசி பட்ட விரல்

மனைவியின் கையிலிருந்து இரண்டாவது ஊசியை உருவும்போது ஜனார்த்தன் மெல்ல மூச்சை உள்ளே இழுத்தான். சாம்பவிக்கு அது கேட்டது.

"என்ன?"

"ஒண்டுமில்லை."

ஊசியை மஞ்சள் பெட்டிக்குள் போட்டுவிட்டுக் குளியலறைக்குப் போனான். தண்ணீர் ஓடும் சத்தம் வந்தது. ஓடிக்கொண்டே இருந்தது. கை கழுவ இவ்வளவு நேரம் எடுக்கிற மனுசனில்லை அவன். எழுந்து போய்ப் பார்க்கவும் வழியில்லை. டயாலிசிஸ் அப்போதுதான் முடிந்திருந்தது. ஊசி இருந்த இடத்தைப் பஞ்சு வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள். விட்டால் இரத்தம் சீறும்.

அந்த இரத்தம்தான் பயம். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் தொடங்கும் முன் செய்த சோதனையில், அவளுக்கு ஹெப்பற்றைற்றிஸ் பி இருப்பது தெரியவந்தது. ஈரலைத் தின்னும் கிருமி. எங்கே, எப்போது தொற்றியதென்று டொக்டர்மாருக்கும் தெரியவில்லை. மற்றவர்களுக்குத் தொற்றாமலிருக்க ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தனி மெசின், தனி அறை. எல்லோரும் ஒரே கூடத்தில் கதைத்துச் சிரித்துக்கொண்டிருக்க, அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒற்றையாகக் கிடந்தாள். "உவவுக்கு ஏதோ தொத்து வருத்தமாம்" என்று கதவடியில் ஒரு தமிழ்ப் பெண் தன் மகளுக்குச் சொன்னது காதில் விழுந்த அன்று, வீடு வந்து சேரும்வரை அழுதாள். அதற்குப் பிறகுதான் ஜனார்த்தன் ஊசி குத்தப் பழகினான். கனடாவில், பிக்கரிங்கில் இருந்த அவர்கள் வீட்டுக்கே மெசின் வந்தது.

அவன் வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி திரும்பி வந்தான்.

"கையைக் காட்டுங்கோ."

"சின்னக் கீறல். சோப் போட்டுக் கழுவிப்போட்டன்."

"கிளவ்ஸ்?"

"அதுக்குள்ளாலைதான் குத்திப்போட்டுது."

"எமர்ஜென்சிக்கு வெளிக்கிடுங்கோ."

"பதறாதையும். நான் தடுப்பூசி போட்டனான்தானே."

"மூண்டாவது தடவை போட்டனீங்களோ?"

அவன் போடவில்லை. வேலை, ஓவர்டைம், பிறகு பார்ப்பம் என்று அது அப்படியே நின்றுபோயிருந்தது. டயாலிசிஸ் நேர்ஸ் ஏஞ்சலா கேட்கும்போதெல்லாம் அடுத்த கிழமை என்று சொல்லிச் சமாளித்திருந்தான்.

"சாம்பவி, நான் போனால் ஏஞ்சலாவுக்குத் தெரியவரும். மெசினைக் கொண்டுபோயிடுவினம். நீர் திரும்ப அந்தக் கண்ணாடி அறைக்கைதான் கிடக்கோணும்."

"கிடக்கிறன்."

"நாளைக்குப் பாப்பம்."

"நீங்கள் வெளிக்கிடாட்டி நான் பஞ்சிலையிருந்து கையை எடுத்துப்போடுவன்."

சும்மா சொல்கிறாள் என்று நினைத்தான். அவள் விரலைத் தளர்த்தினாள். வெள்ளைப் பஞ்சு கண்முன்னே சிவந்து, முழங்கைப் பக்கம் ஒரு கோடு இறங்கியது.

"உமக்கென்ன விசரே" என்று பாய்ந்து வந்தான்.

"கிட்ட வராதையுங்கோ." பஞ்சைத் திரும்பவும் அழுத்திக்கொண்டாள். "கார் திறப்பை எடுங்கோ."

சாவியை எடுத்தான்.

எமர்ஜென்சியில் இரத்தம் எடுத்தார்கள். உடம்பில் போதிய எதிர்ப்புச் சக்தி இல்லையென்று அன்றைக்கே முடிவு வந்தது. தொற்றைத் தடுக்கும் மருந்தை ஒரு கையிலும் தடுப்பூசியை மற்றக் கையிலும் போட்டார்கள். தாமதிக்காமல் வந்தது நல்லதென்று டொக்டர் சொன்னார். ஆனால் தப்பினானா என்று அறிய ஆறு மாதம் பொறுக்கவேண்டும்.

ஏஞ்சலா மெசினைக் கொண்டுபோகவில்லை. ஆனால் அந்த ஆறு மாதமும் ஜனார்த்தன் ஊசியைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சாம்பவி கண்ணாடி அறைக்குத் திரும்பினாள். முதல் நாளே ஏஞ்சலாவிடம் கேட்டாள்: "நானே எனக்குக் குத்தலாமோ?"

குத்தலாம், பலர் குத்துகிறார்கள் என்றாள் ஏஞ்சலா.

இத்தனை காலமும் ஊசி ஏறும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறவள் சாம்பவி. முதல் தடவை குத்தியது பிசகி, கை புடைத்துக் கறுத்துப்போனது. அடுத்த தடவை ஊசியைப் பிடித்தபடியே வியர்த்து, முடியாதென்று திருப்பிக் கொடுத்தாள். வெளிக் கூடத்தில் யார் பார்க்கிறார்கள் என்ற எண்ணமே அந்த நாட்களில் அவளுக்கு எழவில்லை. ஒரு மாதம் கழித்து ஊசி நேராக நாளத்துக்குள் இறங்கிக் குழாயில் இரத்தம் ஏறியபோது, ஏஞ்சலா அவள் தோளைத் தொட்டாள்.

வீட்டில் திரும்பவும் மெசின் ஓடத் தொடங்கியது. ஜனார்த்தன் களைத்துச் சோர்ந்த நாட்களில் அவன் கண் மஞ்சளாக இருக்கிறதா என்று அவன் தூங்கும்போது இமையை விலக்கிப் பார்த்தாள். அவன் விழித்துக்கொண்டால், அவள் பார்த்து முடிக்கும்வரை கண்ணை விரித்தபடி கிடப்பான்.

கடைசிச் சோதனை முடிவு வந்தபோது அவள் தன் கையில் முதல் ஊசியை ஏற்றி முடித்திருந்தாள். அவன் போனைக் காதில் வைத்தபடி வாசலில் நின்றான். "ஓம்... ஓம்... தாங்க்யூ." பிறகு சுவரில் சாய்ந்தான்.

"இல்லையாம். ஒண்டுமில்லையாம்."

அவன் வந்து கையுறைப் பெட்டியை இழுத்தான்.

"தாரும். மற்றதை நான் குத்திவிடுறன்."

"வேண்டாம்" என்றாள். "பிளாஸ்ரரை வெட்டித் தாங்கோ."

அவன் வெட்டினான். அது கோணலாக வந்தது. அவள் அதையே வாங்கி ஒட்டினாள்.