இரண்டு ஆள் வேலை

விடியற்காலை ஐந்தரைக்கு ஸ்பானரக்கா வேனின் பின்கதவைத் திறந்து லிஃப்டின் முதல் சட்டத்தை வெளியே இழுத்தாள். ஆளுயரத்துக்கு இரும்பு. பனியில் நனைந்து கையில் நிற்காமல் வழுக்கியது. ஒரு முனையைத் தோளில் தாங்கி, மறுமுனையைத் தரையில் உரசாமல் இறக்கி, சரிவில் நடந்து கராஜுக்குள் கொண்டுபோய் வைப்பதற்குள் முட்டி இரண்டும் கெஞ்சின. இதேபோல் இன்னொரு சட்டம் இருந்தது. அப்புறம் பம்புப் பெட்டி, எண்ணெய்க் குழாய்கள், ரப்பர் கட்டைகள்.

கார்க்காரர்கள் பட்டறைக்கு அலைய வேண்டாம், பட்டறையே அவர்கள் வீட்டு கராஜுக்கு வரும். முதலாளி பிடித்த தொழில் இதுதான். காரின் இரு பக்கமும் அடியில் ஒவ்வொரு சட்டத்தைத் தள்ளிப் பொத்தானை அமுக்கினால், எண்ணெய் ஏறி, கார் முழங்காலுக்கு மேல் உயரும். உயர்ந்ததும் பூட்டுக்கம்பி 'டக்'கென்று சட்டத்தின் பல்லில் விழ வேண்டும். அதற்குப் பிறகுதான் மனிதன் அடியில் படுக்கலாம்.

இரண்டு மாதத்துக்கு முன்புவரை வேனுக்கு இரண்டு பேர். ஒருவர் கை பொத்தானில் இருந்தால் இன்னொருவர் கண் பூட்டில் இருக்கும். ஒருநாள் முதலாளி எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார்: "காரைத் தூக்கறது லிஃப்டு. நீங்களா தூக்கறீங்க? அப்புறம் எதுக்கு ரெண்டு பேரு?" அன்றோடு பாதிப்பேர் வீட்டுக்குப் போனார்கள். மிச்சமிருந்தவர்களுக்குத் தினக்கூலி போய், காருக்கு இவ்வளவு என்று ஆனது. ஒரு காரில் மூச்சுவிட நின்றால் அடுத்த கார் கைவிட்டுப் போகும்.

அதுவரை அவளோடு ஒரே வேனில் போனவன் வாயாடி. அடியில் படுத்தால் அவன் வாய் ஓயாது. துருப்பிடித்த போல்ட்டைக்கூட, "வாடி தங்கம், மாமன் கையால கழண்டு வாடி" என்று கொஞ்சுவான். வீட்டுக்காரர்கள் உள்ளே யாரோ பொம்பளை இருக்கிறாளோ என்று குனிந்து பார்ப்பார்கள். இப்போது அவன் தனி வேனில், தனியாக. அவன் வண்டி லிஃப்டில் இடது பக்கப் பல் தேய்ந்திருந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள். முதலாளியிடம் மூன்று முறை சொன்னாள். "சாமான் வரும், வரும்" என்றார் மூன்று முறையும்.

ஏழு மணிக்கு அவள் போன் அடித்தது. தெரியாத பெண்குரல்.

"உங்க ஆளு... எங்க காருக்கு அடியில மாட்டிக்கிட்டாரும்மா. உங்க நம்பரத்தான் சொன்னாரு."

இரண்டு தெரு தள்ளி. கைஜாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

கார் இடது பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கழற்றிய சக்கரத்தை ஒரு பாதுகாப்புக்காக அடியில் தள்ளி வைத்திருந்தான். நெஞ்சைக் காப்பாற்றியது அதுதான். சக்கரம் கழன்ற இடத்தின் பிரேக் தட்டு அவனுடைய இடது முன்கையின் மேல் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்காரம்மா தரையில் மண்டியிட்டு அவன் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். அவன் கண் திறந்திருந்தது. பேசவில்லை.

ஜாக்கியைக் காருக்கு அடியில் கொடுத்துக் கைப்பிடியை அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் கார் ஒரு விரல்கடை ஏறியது. அக்குளைப் பிடித்து அவனை வெளியே இழுத்தாள். முழங்கைக்குக் கீழே கை, கையாக இல்லை.

"பூட்டுனேன்க்கா," என்றான், பல்லைக் கடித்தபடி. "சத்தம் கேட்டுச்சு. சத்தியமா பூட்டுனேன்."

"ஆமாம்மா, டக்குன்னு கேட்டுச்சு. நான் வாசல்லதான் நின்னேன்," என்றார் வீட்டுக்காரம்மா.

ஆஸ்பத்திரியில் கையை எடுக்காமல் காப்பாற்றிவிட்டார்கள். விரல்கள் மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். வாயாடியின் மனைவி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முதலாளி வரவில்லை.

மறுநாள் காலை, பட்டறை முற்றத்தில், வாயாடி போக மிச்சமிருந்த பதினொரு பேரும் நின்றார்கள். முதலாளி ஒரு தாளோடு வந்து ஸ்பானரக்காவிடம் நீட்டினார்.

"சாட்சிக் கையெழுத்து போடும்மா. பூட்டாமப் படுத்துட்டான். அவ்வளவுதான் விஷயம்."

"பூட்டியிருந்தான். பல்லு தேஞ்சிருந்துச்சு. நான் மூணு தடவ சொன்னேன்."

"சக்கரத்த எதுக்கு அடியில வெச்சான்? லிஃப்டு எறங்கும்னு தெரிஞ்சுதானே? தெரிஞ்சே உள்ள போனா அது யார் தப்பு?"

"அடியில படுத்தவனுக்குத் தெரிஞ்சது, விலைக்கு வாங்கின உங்களுக்குத் தெரியலையா சார்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து, இன்னொரு வேனில் வேலைபார்க்கும் டயர்க்காரர் குரல் கொடுத்தார்.

"யக்கா, இங்க வா."

அவருடைய வேனின் கதவு திறந்திருந்தது. உள்ளே, நேற்றைய அதே லிஃப்டு. தண்ணீர் அடித்துக் கழுவியிருந்தார்கள். கீல் இடுக்கில் மட்டும் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

நேற்று ஒருவன் கையைத் தின்ற இரும்பு, ஒரு நாள் ஓய்வுகூட இல்லாமல் இன்றைக்கு இன்னொருவனுக்காகக் காத்திருக்கிறது!

"இதையா என் தலையில கட்டுனீங்க?" என்றார் டயர்க்காரர்.

"அது நல்லாத்தான்யா இருக்கு. நானே சோதிச்சேன்."

"அப்போ உங்க கார ஏத்துவோம்," என்றாள் ஸ்பானரக்கா. "நீங்க அடியில படுங்க. பொத்தான நான் அமுக்கறேன்."

பதினொரு பேரின் முன்னால் முதலாளிக்கு முகம் சிவந்தது. "ஏத்திப் பாரு. ஒண்ணும் ஆவாது," என்றார். படுக்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

நான்கு பேர் சட்டங்களை இறக்கினார்கள். பம்பு முனகியது. அவருடைய பளபளக்கும் கார் உயர்ந்தது. 'டக்', 'டக்'. இரு பக்கமும் பூட்டு விழுந்தது. அவள் எல்லாரையும் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு எண்ணெயின் அழுத்தத்தைத் தளர்த்தினாள். எடை முழுவதும் கம்பிகளின் மேல் இறங்கியது. ஒரு மூச்சு நேரம் நின்றது. பிறகு இடது கம்பி பல்லைவிட்டு நழுவ, கார் சரிந்து டயரில் குதித்து, கதவோரம் சட்டத்தில் இடித்து நசுங்கியது.

"ஐயோ, என் காரு!" முதலாளி தலையில் கைவைத்துக் கத்தினார்.

"நேத்து அதுக்கு அடியில ஒரு ஆளு இருந்தான்," என்றாள் அவள். "அப்போ இந்தக் குரல் எங்க போச்சு?"

அவள் தாளை வாங்கி நான்காகக் கிழித்தாள். பிறகு யாரும் யாரிடமும் கேட்கவில்லை. ஒவ்வொருவராகத் தங்கள் வேனைத் திறந்து லிஃப்டை இறக்கினார்கள். முற்றத்தில் சட்டங்கள் வரிசையாகக் கிடந்தன. டயர்க்காரர் எண்ணிச் சொன்னார்: வேனுக்கு இரண்டு பேர், எல்லா லிஃப்டுக்கும் பழுதுபார்ப்பு, வாயாடியின் வைத்தியச் செலவு கம்பெனியோடது. அதுவரை எவனும் எந்தக் காருக்கு அடியிலும் படுக்கமாட்டான். அவர் இதைச் சொல்லி முடிக்கும்வரை முதலாளி நகத்தைக் கடித்தார்.

"ஊர்ல வேற ஆளே இல்லன்னு நெனப்பா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் போனை எடுத்தார்.

பத்து மணிக்கு, முதலாளி கூப்பிட்ட அண்ணன் தம்பி இரண்டு பேர் சாமான் பையோடு வந்து சேர்ந்தார்கள். வேலையை நிறுத்திச் சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்ததும் கால் தயங்கியது.

"எங்கள ஏசாதீங்க," என்றான் அண்ணன். "மூணு மாசமா வேல இல்ல."

"எதுக்குப்பா ஏசறோம்? வயிறு எல்லாருக்கும் ஒண்ணுதான்," என்றாள் ஸ்பானரக்கா. "வழிய மறிக்கமாட்டோம். இந்தப் பல்ல மட்டும் தொட்டுப் பாத்துட்டுப் போ."

அவன் குனிந்து கட்டைவிரலால் தடவினான். கூழாங்கல் மாதிரி மழுங்கியிருந்தது. கீல் இடுக்கில் கறுத்திருந்ததையும் பார்த்தான். நிமிர்ந்து, வாசலில் நின்ற முதலாளியைக் கேட்டான்:

"சார், எங்களுக்கு வேற லிஃப்டு தருவீங்களா?"

"இருக்கறத வெச்சுச் செய். இஷ்டமில்லன்னா நடையக் கட்டு."

அண்ணன் பையைத் தோளிலிருந்து இறக்கினான். தம்பி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, "அண்ணே, வீட்ல என்ன சொல்றது?" என்றான்.

"ரெண்டு கையோட வந்தேன்னு சொல்லு."

சுவரோரம் நிழல் ஒடுங்கிக்கொண்டே வந்தது. பதினொரு பேரும் தோளோடு தோள் நெருங்கி, இரண்டு ஆளுக்கு இடம் விட்டார்கள். உள்ளே கார்க்காரர்கள் கூப்பிடும் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.