பத்தியம் முடிந்த நாள்

வேகவைத்த உருளைக்கிழங்கை வடிதட்டில் கொட்டித் தண்ணீர் இறங்கக் காத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன் பேசிவிட்டு வந்த மகள் சமையலறை வாசலிலேயே நின்றாள்.

“வடிக்க வேண்டாம்மா. இனிமே அப்பா என்ன கேட்டாலும் குடுக்கலாமாம்.”

காதில் விழாதா என்று வருடக்கணக்கில் அவள் ஏங்கிய வார்த்தை. இப்படி வரவேண்டும் என்றல்ல.

அவர் கறிக்கடைக்காரர். சிறுநீரகம் பழுது என்று தெரிந்த அன்றே கறியை விட்டார், கடையை விடவில்லை. பகலெல்லாம் வெட்டிவிட்டு வந்து, வேகவைத்து நீரை வடித்த, உப்பில்லாத காய்த் தட்டின் முன் உட்காருவார். “ஆட்டை ஊருக்குக் குடுத்துட்டு, ஆட்டோட சாப்பாட்டை நான் திங்கறேன்” என்று சிரிப்பார். அவர் எதிரில் கறி மெல்ல மனம் வராமல் அவளும் விட்டாள். அந்தச் சாப்பாடுதான் டயாலிசிஸை இத்தனை நாள் தள்ளிப்போட்டது என்று டாக்டரே சொன்னதுண்டு. இப்போது இதயமும் பலவீனமாகி, டயாலிசிஸையே உடம்பு தாங்கவில்லை.

கட்டிலருகே குனிந்தாள். “என்ன வேணும் உங்களுக்கு? எதுனாலும் செய்யறேன்.”

அவர் அவளை நிதானமாகப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை.

“ஈரல்” என்றார்.

கடையைப் பார்த்துக்கொள்ளும் கொழுந்தன் நல்லதாக எடுத்து, தானே நறுக்கிக் கொண்டுவந்து தந்தார். மிளகு தூவி வறுத்தாள். ஒரு துண்டை நசுக்கி ஊட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்றார்.

மகளும் ஒன்றை வாயில் போட்டாள். “அம்மா, உப்பே போடலியே.”

பழகிப்போன கை. பதறி எழுந்தவளின் புடவையை அவர் பிடித்தார்.

“உக்காரு. இதுவே நல்லாருக்கு.”

அடுத்த துண்டுக்கு வாய் திறக்கவில்லை. “நீ சாப்பிடு” என்றார்.

அவள் சாப்பிட்டாள். தட்டு காலியாகும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம், தூக்கத்திலேயே மூச்சு அடங்கியது.

சாயங்காலம் முன்னறையில் கால் வைக்க இடமில்லை. பின்பக்கச் சந்தில் காய்கறி வண்டியின் மணி ஒலித்தது. திருப்பி அனுப்பிவிட்டு வர மகள் எழுந்தாள். அவளைத் தோளில் தொட்டு உட்காரவைத்துவிட்டு, தானே போய்ப் பின்கதவைத் திறந்தாள்.

விஷயம் தெரியாத வண்டிக்காரர் ஒரு சுரைக்காயை நீட்டினார். “அண்ணனுக்குன்னு தனியா எடுத்து வெச்சேங்க்கா.”

இரண்டு கையாலும் வாங்கினாள். காம்போரம் நகத்தை ஊன்றிப் பார்த்தாள்.

“பிஞ்சுதான்” என்றாள்.