எட்டாம் பாடம் வரைக்கும்

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், சின்னு கீபோர்டின் மேல் வரிசையிலிருந்த எஃப் ஐந்து பட்டனை ஹேர்பின்னால் நெம்பிப் பிடுங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். அண்ணன் பார்த்துவிட்டார்.

"என்ன சின்னு, கீபோர்டுக்குப் பல்லு விழுந்திருக்கு?"

"ஆடிக்கிட்டே இருந்தது அண்ணா. எடுத்துட்டேன்."

"மறுபடி முளைக்குமா, கட்டணுமா?" தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டு, வெளுத்த துணிகளை வண்டியில் ஏற்றப் போய்விட்டார்.

ஆடிய பல்லா அது? அதை யாராவது ஒருமுறை தெரியாமல் தட்டினால் போதும், பக்கம் புதிதாகத் திறந்துகொள்ளும். சலவைக் கடையில் கிடக்கும் நாற்பத்தேழு மூட்டையும் யாருடையது என்று ஆண்டவனுக்குக்கூடத் தெரியாமல் போகும்.

பதினோரு வருடத்துக்கு முன், புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு வந்தபோது, "கொஞ்ச நாளைக்கு கல்லாவுல உக்காரு" என்றார் அண்ணன். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. மாடியில் கொதிகலனுக்கு நேர் மேலே அவளுக்கு ஓர் அறை. சுவரைத் தொட்டால் காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்ட மாதிரி இருக்கும். கடையில் ஆள் வராத நேரத்தில் வீடியோ பார்த்துப் பார்த்து, வலைப்பக்கம் செய்யும் ரியாக்ட் கற்றாள். ஓர் அட்டையைச் செய்துவிட்டால் போதும், அதையே எத்தனை பேருக்கும் வார்த்தெடுக்கலாம் என்று பாடத்தில் சொன்னபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. திரையில் மூட்டைக்கு ஓர் அட்டை. வெளுக்கும்போது நீலம், இஸ்திரிக்குப் போனால் மஞ்சள், கட்டிவைத்தால் பச்சை. அட்டையைத் தொட்டால் பெயர், போன், எத்தனை உருப்படி எல்லாம் விரியும்.

எட்டாம் பாடம் முடிந்த அன்று அண்ணன் அதைப் பார்த்தார். பார்த்தவர் சும்மா இருந்தாரா? "என் தங்கச்சி செஞ்சது!" என்று வந்தவரிடமெல்லாம் காட்டிவிட்டு, மூட்டைக் கணக்கு எழுதிய பழைய நோட்டைப் பழைய பேப்பர்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். போட்டதைச் சேமித்து வைப்பது ஒன்பதாம் பாடம். அதைப் பார்ப்பதற்குள் பன்னிரண்டு மூட்டை ஏறிவிட்டது. இனி நிரலில் ஒரு வரி திருத்தினாலும் பக்கம் தானே புதிதாகத் திறக்கும், அட்டையெல்லாம் போய்விடும். துணியில் தைத்திருக்கும் சீட்டில் வெறும் எண்தான். அண்ணனின் பூரிப்பைப் பார்த்தபின் சொல்ல வாய் வரவில்லை. ஒன்பது நாளாகக் கம்ப்யூட்டர் அணையவில்லை. பிளக்கைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தாள். சாப்பிடவும் அதன் எதிரில்தான்.

"மாப்பிள்ளை முழிச்சிருக்காரா?" என்று இஸ்திரிக்காரர் தினமும் கேட்பார். "கட்டினவனை விட்டுட்டு வந்தே. இதை விட்டு அரை அடி நகர மாட்டேங்கறியே, தங்கச்சி."

நேற்று காலையில் அந்த போன் வந்தது. அவள் வேலை கேட்டு எழுதியிருந்த, இரண்டு தெரு தள்ளியிருக்கும் மென்பொருள் அலுவலகத்திலிருந்து ஒரு பெண். "நீங்களே செஞ்ச ஆப்பைக் கொண்டு வந்து காட்டுங்க. நாளைக்கு நாலு மணி. அதோட ஆள் எடுக்கிறது முடிஞ்சுது." அண்ணியிடம் சொன்னாள். "போயிட்டு வா, யாரு வேணாம்னா?" என்றாள் அண்ணி. ஆப்பின் பிரதி பென் டிரைவில் ஏறிவிட்டது. ஆனால் அவள் எழுந்தால் அந்த நாற்காலியில் அண்ணி உட்காருவாள். அண்ணிக்கு எதையும் மூடிவைத்துத்தான் பழக்கம், பாத்திரமானாலும் ஜன்னலானாலும்.

இன்று இரண்டு மணிக்கே செருப்பின் வாரை மாட்டிக்கொண்டு, புது நோட்டைப் பிரித்தாள். விஷயம் தெரிந்த இஸ்திரிக்காரர் பெட்டியை ஆறவைத்துவிட்டு வந்து ஒவ்வோர் அட்டையாகத் தொட்டுப் படித்தார், அவள் எழுதினாள்.

"மேல மூலையில இருக்கிற பெருக்கல் குறி பக்கம் மட்டும் போயிடாதீங்கண்ணே."

"கொதிக்கிற பெட்டியைத் தினம் பிடிக்கிறவன் நான். என்னையே நடுங்க வைக்கிறியே!"

நடுநடுவே ஆள் வந்தது, மூட்டை வந்தது, போன் வந்தது. முப்பத்துநாலு முடிந்தபோது மணி மூன்றரை. திரும்பினால், அண்ணி நிற்கிறாள்.

"கம்ப்யூட்டர்ல இருக்கிறதை எதுக்கு நோட்டுல எழுதறே?"

இஸ்திரிக்காரர் கூரையைப் பார்த்தார். சின்னு பேனாவை மூடினாள், திறந்தாள்.

"இதுல எதுவும் நிக்காது அண்ணி. பக்கத்தை மூடினா எல்லாம் அழிஞ்சிடும். நான் பாதிதான் கத்துக்கிட்டிருந்தேன்."

"நீ பக்கத்துல இருந்தா?"

"இருந்தா... யாரும் மூடாம பாத்துக்கலாம்."

கத்தப் போகிறாள், அண்ணனைக் கூப்பிடப் போகிறாள் என்று சின்னு காத்திருந்தாள். அண்ணி கத்தவில்லை. அவள் முகத்தில் தெரிந்தது கோபமும் இல்லை. பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைத்துவிட்டவளின் நிம்மதி. நாற்காலியை இழுத்துச் சின்னுவுக்குப் பின்னால் போட்டாள்.

"அப்போ நீ இருக்கிறதுதான் நல்லது. உக்காரு. உங்க அண்ணன்கிட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அந்த ஆபீஸ்காரங்களுக்கு நாளைக்கு வர்றேன்னு சொன்னா ஆகாதா?"

"ஆகாது அண்ணி."

"சரி, ஆகலைன்னா போகட்டும். இங்கே உனக்கு என்ன குறை?"

வாசல் மணி ஒலித்தது. ஒரு பெண் இரண்டு கைக்கும் கொள்ளாத திரைச்சீலைகளைக் கல்லாமேல் போட்டாள். சின்னு நின்றபடியே குனிந்து பெயரைக் கேட்டாள், போனைக் கேட்டாள், தட்டினாள். புது அட்டை நீலமாக மேலே வந்து நின்றது. அதற்கு இடம் விட்டு மற்ற அட்டைகளெல்லாம் ஒவ்வொரு படி கீழே இறங்கின.

இஸ்திரிக்காரர் தொண்டையைச் செருமினார். "முப்பத்தஞ்சு சொல்லட்டுமா, தங்கச்சி?"

"சொல்லுங்க."

அவள் நின்றுகொண்டே எழுதினாள். நாற்காலியின் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் தொட்டுக்கொண்டே இருந்தது.