வழிப்போக்கன் கேட்ட கேள்வி

என் ஓரகத்தி என் மேஜையை ஜன்னலோரம் நகர்த்திப் போட்ட அன்று நான் அவளுக்கு நன்றி சொன்னேன். மற்றதையெல்லாம் மறந்தாலும் மறப்பேன். அந்த நன்றியைத் திருப்பி வாங்கிக்கொள்ள வழியில்லையே என்றுதான் இன்னும் வயிறு எரிகிறது.

நாங்கள் இருவரும் பல்செட் செய்கிறவர்கள். அண்ணனை நான் கட்டிக்கொண்டேன், தம்பியை அவள் கட்டிக்கொண்டாள். அதனால் வீட்டில் நான் பெரியவள், அவள் சின்னவள். பதினான்கு வருடமாக ஒரே அறையில் எங்களுக்கு இரண்டு மேஜை. ஓரகத்திகள் இருவர் இத்தனை காலம் குடுமிப்பிடிச் சண்டை இல்லாமல் இருந்தது எங்கள் மாமியாருக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். சின்னவள் அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றித் தாடையை வார்த்துக் கொடுப்பாள். நான் அதன்மேல் மெழுகு வைத்துப் பல் அடுக்குவேன். ஸ்பிரிட் விளக்கில் கத்தியைக் காட்டி, மெழுகை இளக்கி, ஒவ்வொரு பல்லாக நிறுத்த வேண்டும். முன்பல் ஒரு நூல் சாய்ந்தால் போதும், சிரிக்கிற மனிதர் உறுமுகிற மாதிரித் தெரிவார். அடுக்கி முடித்ததும் கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால், மெழுகில், கத்தி முனையால் ஒரு சின்னக் கோடு கிழிப்பேன். அதுதான் என் கையெழுத்து. ஈறு வார்க்கும்போது அது அழிந்துவிடும். எங்கள் இருவரைத் தவிர அப்படி ஒரு கோடு இருப்பது யாருக்கும் தெரியாது.

எனக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. எங்கள் தொழில்காரர்கள் கூடும் இணையக் குழு ஒன்று இருக்கிறது. எங்கெங்கோ இருக்கும் தமிழ் பேசுகிறவர்கள் அதில் கேள்வி கேட்பார்கள், சண்டை போடுவார்கள், நல்ல நல்ல சுட்டிகளைப் போடுவார்கள். அங்கே என் பெயர் கடைவாய்ப்பல். கணக்குத் தொடங்கிக் கொடுத்ததே சின்னவள்தான். "எனக்கு இந்த அரட்டைக்கெல்லாம் பொறுமை இல்லக்கா, நீங்க பாருங்க" என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டாள். எந்தக் கேள்வியையும் பதில் இல்லாமல் விட எனக்கு மனசு வராது. பிடித்த கேள்விகளையும் சுட்டிகளையும் 'பிறகு' என்று பெயரிட்ட கோப்புறையில் சேமித்து, ஒவ்வொன்றின் கீழும் எதற்காகச் சேமித்தேன் என்று ஒரு வரி எழுதிவைப்பேன். இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. "எறும்புகூட சேத்து வச்சத மழைக்காலத்துல திங்கும். நீ எப்பம்மா திங்கப் போறே?" என்று என் கணவர் கேட்பார்.

அவர் வாயை அடைப்பதற்காகவே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து பழையதையெல்லாம் திரும்பப் படிப்பேன்.

மேஜை நகர்ந்தது வருடத் தொடக்கத்தில். "வெளிச்சத்துக்காகத்தான்க்கா" என்றாள். நானும் நெகிழ்ந்துபோனேன். அடுத்த மாதம் நிறம் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. நோயாளியின் மிச்சப் பற்களோடு எந்த வெள்ளை ஒத்துப்போகும் என்று ஷேட் கார்டை வைத்துத் தேர்ந்தெடுப்பது. "உங்களுக்கு இருக்கற கண்ணு வேற யாருக்கு இருக்கு?" என்றாள். நான் குளிர்ந்துபோய் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு முன்பல் வேலைகள் ஒவ்வொன்றாக அவள் மேஜைக்குப் போயின. அவசரம் என்றாள். மருத்துவர் கேட்டார் என்றாள். நானும் தலையாட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை காலை ஒரு கீழ்த்தாடையை அடுக்கி, கோடு கிழித்து, அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சாப்பிட்டுவிட்டு 'பிறகு'வைத் திறந்தேன். ஏழு மாதத்துக்கு முன் சேமித்த கேள்வி ஒன்று. கேட்டவர் பெயர் வழிப்போக்கன்.

"பல வருடமாக என்னோடு வேலை செய்கிற கூட்டாளிக்குக் கை நடுங்குகிறது. அவருக்கே அது தெரிந்த மாதிரி இல்லை. அவர் செய்ததை, அவர் போனபிறகு, நான் பிரித்து மறுபடி செய்கிறேன். அவர்மேல் எனக்கு உயிர். எப்படிச் சொல்வது?"

அதற்குக் கீழே கடைவாய்ப்பல்லின் பதில், அதாவது என் பதில்:

"சொல்லாதீர்கள். சொன்னால் மனிதர் உடைந்துபோவார். முதலில் அவர் மேஜையை ஜன்னலோரம் மாற்றுங்கள். வெளிச்சத்துக்காக என்று சொல்லுங்கள், நம்பிவிடுவார். பிறகு நிறம் பார்க்கும் வேலையைக் கொடுங்கள். உங்களைப் போல் கண் யாருக்கு இருக்கிறது என்று சொல்லுங்கள். அதற்கு மயங்காத ஆள் கிடையாது. முன்பல் வேலைகளைச் சத்தமில்லாமல் குறையுங்கள். கடைசியில் ஒரு நல்ல பெட்டி வாங்கி, அவர் கருவிகளைத் துடைத்து அதில் வைத்துக் கொடுத்து, கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்று சொல்லுங்கள். தானாக விலகியதாகவே நினைத்துக்கொள்வார். எல்லாம் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போல நடக்க வேண்டும்."

அதைச் சேமித்தபோது நான் எழுதிவைத்த வரியும் இருந்தது. "பாவம், நல்ல மனசுக்காரர். அந்தக் கூட்டாளி கொடுத்து வைத்தவர்."

முதலில் சிரிப்புத்தான் வந்தது. உலகத்தில் இன்னொரு ஜன்னல், இன்னொரு மேஜை என்று நினைத்தேன். பிறகு 'வெளிச்சத்துக்காக' என்ற சொல்லுக்கே கண் திரும்பிப் போனது. அதன்பிறகு சிரிக்கவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். மருந்தின் அளவைக்கூடத் தானே எழுதிக்கொடுத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இருந்தாலும் ஒரு நப்பாசை. திங்கட்கிழமை அவள் வருவதற்கு முன்பே போய் அறையைத் திறந்தேன். சனிக்கிழமை நான் அடுக்கிவைத்த கீழ்த்தாடையை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது.

கோடு இருந்தது. மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. என் வேலையை யாரும் தொடவில்லை, நான்தான் கண்டதையும் நினைத்துக் கலங்கியிருக்கிறேன் என்று மூச்சு விட்டேன். தாடையை அலமாரியில் வைக்கப்போனவள் மறுபடி பார்த்தேன். என் கோடு எப்போதும் முடிகிற இடத்தில் கொஞ்சம் இடப்பக்கம் வளையும். இது வளையவில்லை. அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி இருந்தது. பற்களைப் பார்த்தேன். அவையும் நான் நிறுத்தியதைவிட நேராக நின்றன.

பிரித்து அடுக்கியதோடு நிற்கவில்லை, என் கையெழுத்தையும் அவளே போட்டிருந்தாள்.

சின்னவள் வந்து மாவைக் கிண்ணத்தில் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் கலக்க ஆரம்பித்தாள்.

"பெட்டி வாங்கியாச்சா?" என்றேன்.

"எந்தப் பெட்டிக்கா?"

"என் சாமானையெல்லாம் துடைச்சு வச்சுக் குடுக்கப் போறியே, அந்தப் பெட்டி. உனக்குத் தெரியலேன்னா வழிப்போக்கனைக் கேளு."

அவள் கலக்குவதை நிறுத்தினாள். "எப்பக்கா பாத்தீங்க?"

"அது ரொம்ப முக்கியமா இப்ப? எத்தனை நாளா என் வேலையைப் பிரிச்சுக்கிட்டு இருக்கே?"

"ஒரு வருஷம் இருக்கும்."

"ஒரு வருஷமா! கூடவே உக்காந்து குழி பறிச்சிருக்கே. இந்தக் கோட்டை எதுக்குடி போட்டே? பல்லு கோணலா இருந்துச்சு, சரி பண்ணினே. கோடு என்ன பாவம் பண்ணுச்சு?"

"கோடு இல்லேன்னா நீங்க கண்டுபிடிச்சிடுவீங்களேக்கா."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் கள்ளமே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"பக்கத்து மேஜைதானே. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா உனக்கு?"

"உங்ககிட்டதானேக்கா கேட்டேன்." அவள் கண் நிறைந்துவிட்டது. "அந்தக் குழுவுல வேற யாரு எல்லாத்துக்கும் உக்காந்து பதில் போடறாங்க? நீங்கதான் போடுவீங்கன்னு தெரிஞ்சுதான் கேட்டேன். நேராச் சொல்லு, தாங்கிக்குவாங்கன்னு ஒரு வரி எழுதியிருந்தீங்கன்னா அன்னிக்கே சொல்லியிருப்பேன். நீங்கதான் சொல்லாதேன்னீங்க. உடைஞ்சுபோயிடுவாங்கன்னீங்க."

"அது ஊராருக்குச் சொன்னதுடி!"

கத்திவிட்டேன். கத்திய பிறகு அந்த வாக்கியம் எனக்கே கேட்டது. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். முகம் தெரியாத ஒரு மனிதரை ஏமாற்ற நான் எவ்வளவு அழகாக வழி சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டு நல்ல காரியம் செய்த திருப்தியோடு அன்று தூங்கியும் இருப்பேன்.

என் தப்பு என் தப்புதான். அதற்காக அவள் செய்தது இல்லையென்றாகிவிடாது. ஒரு வருடம் அவள் என்னை ஒவ்வொரு நாளும் பார்த்துச் சிரித்திருக்கிறாள். ஒவ்வொரு நாளும் நான் கிளம்பட்டும் என்று காத்திருந்திருக்கிறாள்.

ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தேன். அலமாரியிலிருந்து ஒரு மேல்தாடையை எடுத்து அவள் எதிரிலேயே உட்கார்ந்தேன். கத்தியைச் சூடாக்கி மெழுகை இளக்கினேன். ஒரு முன்பல்லை எடுத்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் மணிக்கட்டை மேஜை விளிம்பில் ஊன்றாமல் நான் கத்தியைப் பிடித்து வெகுநாளாகிறது. சோர்வு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், நம்பியும் கொண்டேன். அன்று ஊன்றாமல் பிடித்தேன். பல் மெழுகில் நிற்பதற்குள் கத்தி பக்கத்துப் பல்லை இடித்து, இரண்டும் மேஜையில் விழுந்தன. என் கையும் அவளோடு சேர்ந்துகொண்டது.

"இப்ப சொல்லு. என் முகத்தைப் பாத்துச் சொல்லு."

அவள் தரையைப் பார்த்தாள். கிண்ணத்தில் மாவு இறுகிக்கொண்டிருந்தது. பிறகு நிமிர்ந்தாள்.

"அக்கா, இனிமே நீங்க பல்லு அடுக்க வேண்டாம்."

வலித்தது. ஆனால் நான் உடைந்துபோகவில்லை. இதை ஒரு வருடம் முன்பே அவள் சொல்லியிருக்கலாம். அப்போதும் இதே அளவுதான் வலித்திருக்கும், அதன்பிறகும் அவள் எனக்குச் சின்னவளாகவே இருந்திருப்பாள்.

அவள் அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெட்டியை இறக்கினாள். நல்ல பெட்டிதான். உள்ளே நீல வெல்வெட், ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிக் குழி. நான் அதைத் தொடவில்லை. கத்திகளைத் துடைத்துப் பழைய துணியில் சுற்றி, கைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். "அக்கா" என்று படிவரை கூப்பிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் என் கணவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்தார், கையிலிருந்த பையைப் பார்த்தார். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

"பெட்டி எங்கே?" என்றார்.

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. ஊசியைச் சட்டையில் குத்திவைத்தார். "நீலம்தான் உனக்குப் பிடிக்குமேன்னு நான்தான்..." என்று ஆரம்பித்தார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. என் கை நடுங்குவது மொத்த வீட்டுக்கும் தெரிந்து, எனக்கு ஒருத்திக்குத்தான் அறிவிப்பு வரவில்லை.

குழுவைத் திறந்து வழிப்போக்கனின் கேள்விக்குப் போனேன். என் பதிலை நீக்கினேன். நீக்குவதற்கு முன் அதன் அடியில் எப்போதும் வருகிற சின்ன எழுத்தைப் பார்த்தேன். இதை நாற்பத்தொரு பேர் சேமித்திருக்கிறார்கள் என்றது. நான் சேமிப்பதைப் போலவே படியெடுத்து வைத்திருப்பார்கள். இனி நான் அழித்து என்ன பயன்? எங்கெங்கோ நாற்பத்தொரு மேஜைகள் ஜன்னலோரம் நகரும். நாற்பத்தொரு பேர் நன்றி சொல்வார்கள்.

பதில் இருந்த இடம் காலியாக இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்குக் கீழே வழிப்போக்கனிடமிருந்து புதிதாக ஒரு கேள்வி வந்து விழுந்தது.

"அவர் இனிமேல் என்னோடு பேசுவாரா?"

விரல்கள் பழக்கத்தில் எழுத்துகளின் மேல் போய் நின்றன. நடுங்கின. ஊன்றிக்கொள்ள அங்கே விளிம்பு இல்லை. இத்தனை வருடத்தில் பதில் போடாமல் நான் விட்ட கேள்வி ஒன்றுகூட இல்லை என்பது அவளுக்கும் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் என் கணவர் இருமினார்.

கேள்வியைச் சேமித்து 'பிறகு'வில் போட்டேன். அதன் கீழே எதற்காகச் சேமித்தேன் என்று எழுதும் வரியைக் காலியாக விட்டேன்.