ஓடாத வண்டியைக் கழுவுகிறவள்

வெல்டருடைய இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. மிச்ச ஆள் டிரெய்லருக்கு அடியில் கிடந்தார். உள்ளேயிருந்து சுத்தியலால் தட்டுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் நான் அந்தக் கால்களையே பார்த்தேன். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்கும்போது நாம் அவர் முகத்தைப் பார்ப்போம் இல்லையா, இவர் முகம் தெரியாததால் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னண்ணே, எப்படி இருக்கு?"

"பொறும்மா. இப்பதான் படுத்தேன்."

குதிரை இழுக்கிற வண்டி இல்லை இது. குதிரையை ஏற்றி, ஜீப்புக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிற டிரெய்லர். இரண்டு குதிரை நிற்க இடம் உண்டு. எங்களிடம் இருந்தது ஒன்றுதான், அதுவும் இரண்டு குதிரைக்கான திமிரோடு. அதனால்தான் அக்கா அவளுக்குச் சீமாட்டி என்று பேர் வைத்தாள். குதிரையேற்றப் பள்ளி ஒன்றை மூடியபோது, யாரும் வேண்டாம் என்று விட்ட ஆறு வயதுப் பெண் குதிரையை அக்கா வாங்கிக்கொண்டு வந்தாள். கூடவே இந்த டிரெய்லரும் வந்தது. வாங்கும்போதே பழசு. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவளுக்கு எதற்குக் குதிரை என்று ஊரே கேட்டது. நானும் கேட்டேன். ஒரு வாரம் கழித்து, காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கொல்லைக் கதவைத் திறந்து சீமாட்டியைப் பார்ப்பது அக்காவா நானா என்று எங்களுக்குள் போட்டி வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரைப் பாதைக்குப் போவோம். அக்கா ஜீப்பை ஓட்டுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வருவேன். அக்கா சவாரி செய்வாள், நான் கரையில் உட்கார்ந்திருப்பேன். திரும்பி வந்ததும் டிரெய்லரைக் கழுவுவது என் வேலை. நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்து மூன்று வருஷமாக வேலை பார்க்கிறவள். தண்ணீர் ஊற்றி, தேய்த்து, மறுபடி தண்ணீர் ஊற்றாவிட்டால் எனக்குக் கழுவின மாதிரியே இருக்காது. அக்கா, "சாணியைக் கூட்டித் தள்ளிட்டுக் கதவைத் திறந்து போடு, தானா காஞ்சிடும். தண்ணியை ஊத்தி ஊத்திப் பலகையைக் கெடுக்காதே" என்பாள். "உன் சுத்தம் எனக்குத் தெரியாதா?" என்று நான் குழாயைத் திறந்துவிடுவேன்.

எட்டு வருஷம் அப்படி ஓடியது. அப்புறம் அக்காவுக்குக் கல்யாணம். நாற்பத்தேழு வயதில், லிஃப்ட் பழுது பார்க்கிற ஒருவரைப் பிடித்துப்போய்விட்டது அவளுக்கு. நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். எட்டு மணி நேரத் தூரத்தில் வீடு. பெட்டியோடு வாசலில் நின்றவளிடம், "போறவ போ. சீமாட்டி இங்கதான் இருப்பா" என்றேன். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால் நான் கொஞ்சம் அழுதிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். இந்த ஐந்து வருஷத்தில் இரண்டு தடவை வந்தாள். இரண்டு தடவையும் விருந்தாளி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனாள். நான் ஒரு தடவைகூடப் போகவில்லை. சீமாட்டியை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு சாக்கு எப்போதும் கையில் இருந்தது.

ஞாயிறு பதினொரு மணிக்குப் போன் வரும். போன ஞாயிறு அக்கா சொன்னாள், "பின்னாடி இடத்துக்கு வேலி போட்டாச்சு. ஒரு டிரைவரை வெச்சு சீமாட்டியைக் கொண்டாந்து விடேன். நீயும் ஒரு பத்து நாள் இருந்துட்டுப் போ." டிரெய்லர் எந்த நிலைமையில் இருக்கிறதோ, ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்றேன். வாடகைக்கு வேறு டிரெய்லர் கிடைக்கும்தான். ஆனால் சீமாட்டி இதைத் தவிர எதிலும் ஏற மாட்டாள். ஒரு தடவை வேறு ஒன்றில் ஏற்றப் பார்த்து நாலு ஆள் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் ஒருவருடைய காலை மிதித்ததுதான் மிச்சம்.

ஆக, டிரெய்லர் நன்றாக இருந்தால் அக்காவைப் பார்க்கலாம், ஆனால் சீமாட்டி போய்விடுவாள். திரும்பி வந்து கொல்லைக் கதவைத் திறந்தால் வெறும் புல்தான் இருக்கும். டிரெய்லர் தேறாது என்றால் சீமாட்டி இங்கேயே இருப்பாள், நானும் அவளும் ஒருத்தியை நினைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு பக்கம் கிழடாவோம். எனக்கு இரண்டும் வேண்டும். இரண்டும் கிடைக்காது என்பதை என் வாயால் சொல்ல மனசு வராமல்தான் வெல்டரைக் கூப்பிட்டேன். அவர் இரும்பைப் பார்த்துச் சொல்லட்டும் என்று.

வெல்டர் முட்டி போட்டு வெளியே வந்தார். அறுபது தாண்டியவர், முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கவே அரை நிமிஷம் ஆனது.

"எலும்பெல்லாம் கெட்டி. துரு மேலாகத்தான் இருக்கு. சக்கரத்துல பேரிங் மாத்தணும், டயர் புதுசு போடணும். அது எல்லாருக்கும் உள்ளதுதான். உள்ள தரையைப் பாக்கணுமே, பின்னாடியைத் திறங்க."

ஏறு பலகையை இறக்கினேன். அது தரையில் பட்ட சத்தம் கேட்டதும் கொல்லையின் அந்தக் கோடியில் மேய்ந்துகொண்டிருந்த சீமாட்டி தலையைத் தூக்கினாள். பத்தொன்பது வயதுக் குதிரை, ஐந்து வருஷமாக எங்கேயும் போகாதவள், குதித்துக்கொண்டு வேலியோரம் வந்து நின்றுவிட்டாள். காது இரண்டும் முன்னால். ஏறத் தயார்.

"ஆகா, மேடம் கிளம்பிட்டாங்க போல" என்று சிரித்தார் வெல்டர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாள் என்னோடு நிம்மதியாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே தரை பளபளவென்று இருந்தது. இரண்டு பக்கமும் கறுப்பு ரப்பர் பாய், விரல் தடிமன், குதிரைக் கால் வழுக்காமல் இருக்க. ஒரு துரும்பு கிடையாது. வெல்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கடப்பாரையை விட்டு இடப்பக்கப் பாயின் ஓரத்தைக் கிளப்பினார். ஓரம் மேலே வந்ததும் இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினார். நானும் பிடித்தேன். அடியிலிருந்து ஒரு வாடை வந்தது. மாதக்கணக்கில் மூடி வைத்த ஈரத் துணி மூட்டையைத் திறந்தால் வருமே, அது. எனக்குப் பழக்கமான வாடைதான், என் வேலையில் தினமும் வருகிறது. ஆனால் என் வீட்டில் வரும் என்று நினைக்கவில்லை.

பலகைகள் கறுத்துப்போயிருந்தன. வெல்டர் ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஒன்றில் குத்தினார். வெந்த கிழங்கில் இறங்குகிற மாதிரி கைப்பிடி வரைக்கும் இறங்கியது. இன்னொன்று. இன்னொன்று. எல்லாம் அப்படித்தான்.

"கடைசியா எப்பம்மா குதிரை ஏத்துனீங்க?"

"அஞ்சு வருஷம் ஆச்சு."

"கூரை ஒழுகுதா?"

"இல்லையே. நான்தான் தார்ப்பாய் வேற போட்டு வெச்சிருக்கேன்."

"பின்ன இவ்வளவு ஈரம் எங்கேர்ந்து வந்துச்சு?"

பொய் சொல்லலாம். ஆனால் கையில் அழுகின பலகைத் தூள் ஒட்டியிருக்கும்போது பொய் வாய்க்கு வரவில்லை.

"கழுவுவேண்ணே. மாசத்துக்கு ஒரு தடவை."

"எதை? ஓடாத வண்டியையா?"

"ஆமா."

அவர் கேலி செய்திருந்தால் நானும் வாயைக் கொடுத்துச் சமாளித்திருப்பேன். அவர் கேலி செய்யவில்லை. ஸ்க்ரூடிரைவரைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். "தண்ணி பாய்க்கு அடியில போயிடும்மா. போனா வெளியே வர வழி கிடையாது. கழுவினா பாயைத் தூக்கி நிறுத்திக் காய விடணும். இல்லேன்னா கழுவவே கூடாது. சாணியோட விட்டிருந்தாக்கூட இந்த அளவுக்கு ஆயிருக்காது. நல்லவேளை ஏத்தலை. ஓடுற வண்டியில குதிரை கால் தரைக்குள்ள இறங்கிச்சுன்னா..." சீமாட்டி நின்ற வேலிப் பக்கம் பார்த்தார்.

தரை முழுக்கப் புதிதாகப் போட்டால் தேறும், இரண்டு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்றார். "பண்ணலாம். பண்ணணுமாங்கறதை நீங்கதான் சொல்லணும். ஒரே ஒரு தடவை போயிட்டு வர்றதுக்கா, இல்ல இனிமே ஓட்டப் போறீங்களா? ஒரு தடவைக்குன்னா நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன்." சாயங்காலம் போன் பண்ணுகிறேன் என்றேன். அவர் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். சீமாட்டி மட்டும் இன்னும் வேலியோரத்தில் நின்றாள். "போடி, மேயப் போ, இன்னிக்கு ஒண்ணும் கிடையாது" என்று அதட்டினேன். நகரவில்லை.

பதினொரு மணிக்குச் சொல்லி வைத்த மாதிரி போன் அடித்தது.

"சீமாட்டி சாப்பிட்டாளா?" அக்கா எப்போதும் இதைத்தான் முதலில் கேட்பாள்.

சட்டம் கெட்டி, சக்கரம் பரவாயில்லை, தரை போச்சு என்று சொன்னேன். எப்படிப் போச்சு என்றாள். பாய்க்கு அடியில் தண்ணி நின்றிருக்கிறது என்றேன். சரி, இப்போது ஆரம்பிக்கப் போகிறாள், நான் அப்பவே சொன்னேனா இல்லையா என்று, ஆரம்பிக்கட்டும், வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று காத்திருந்தேன்.

"பாயைத் தூக்கி வைக்கலியா நீ?" என்றாள் மெதுவாக.

"எனக்கு எப்படித் தெரியும்? எட்டு வருஷம் கழுவினேனே, அப்ப ஒண்ணும் ஆகலியே!"

"நான் தூக்கி வைப்பேன்ல."

"எப்ப?"

"நீ கழுவிட்டுக் குளிக்கப் போவேல்ல, அப்ப. ரெண்டையும் தூக்கிச் சுவத்துல சாய்ச்சு வெச்சுடுவேன். மறுநாள் காலைல பஸ் எடுக்கப் போறதுக்கு முன்னாடி திரும்பப் போட்டுடுவேன்."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"முதல் தடவை சொன்னேனே. ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் பேசவே இல்லை நீ. சரி, இவ கழுவினா கழுவிட்டுப் போறா, நாம தூக்கி வெச்சிட்டாப் போச்சுன்னு விட்டுட்டேன்." சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்திவிட்டாள். "இரு. நான் இங்க வந்தப்புறம் வண்டிதான் ஓடவே இல்லையே. எதைக் கழுவினே?"

கையில் ஒட்டியிருந்த பலகைத் தூளைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

"ஏய், உன்னைத்தான். எதுக்குடி கழுவினே?"

"நீ வருவேன்னுதான்" என்றேன். ஐந்து வருஷமாகத் தொண்டையில் நின்றது, இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. "வந்து, வாடி ஏரிக்கு ஒரு ரவுண்டு போலாம்னு சொன்னா, வண்டி அழுக்கா இருக்கக் கூடாதுன்னு கழுவினேன். போதுமா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பின்னால் அவள் புருஷன் என்னம்மா என்னம்மா என்று கேட்பதும், இவள் ஒன்றுமில்லை என்று அவரைத் துரத்துவதும் கேட்டது.

"தரையைப் போடச் சொல்லப் போறேன்க்கா" என்றேன். "ஆனா எனக்கு அதை மாட்டி ஓட்ட வராது. டிரைவரெல்லாம் வேண்டாம், நீ வந்து ஓட்டினாத்தான் உண்டு. தனியா வா. நாற்காலியில உட்கார்ந்து காபி குடிச்சிட்டுப் போறதுக்கெல்லாம் வராதே. ஒரு வாரம் இரு. சீமாட்டி அங்க வர்றதா இங்க இருக்கிறதான்னு அப்புறம் சண்டை போட்டுக்கலாம்."

"லீவு கேட்டுப் பார்க்கணும்" என்றாள். இழுத்தாள். வரேன் என்றும் சொல்லவில்லை, வரலை என்றும் சொல்லவில்லை. "வெச்சிடாதே, இரு" என்று மட்டும் சொன்னாள். இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் வெளியே வந்தேன். வெல்டர் கிளப்பினது இடப்பக்கப் பாயை. வலப்பக்கத்துப் பாய் அப்படியே ஒட்டிக்கொண்டு கிடந்தது. இதையும் எடுத்துவிடலாம் என்று குனிந்து ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. நான் ஈரத் துணி மூட்டைகளைத் தூக்கியே பழகினவள், கையில் பலம் இல்லாதவள் இல்லை. முட்டி போட்டு, இரண்டு கையையும் அடியில் விட்டு, மூச்சைப் பிடித்து நெம்பியதில் ஒரு பக்கம் மட்டும் எழும்பியது. தோளை அடியில் கொடுத்தேன். பாதிப் பாய் என் முதுகில், பாதி தரையில். அதற்கு மேல் ஒரு விரற்கடை ஏறவில்லை. அக்கா எப்படித் தனியாக, நாள் முழுக்கக் குதிரை ஏறி வந்த அலுப்போடு, இரண்டையும்? நான் வெந்நீரில் சாவகாசமாகக் குளித்துக்கொண்டிருந்தபோது?

கீழே போடவும் மனசில்லை. அப்படியே நின்றேன். பாயின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக என் முழங்கையில் இறங்கி, பலகையில் விழுந்துகொண்டிருந்தது.