இரண்டு விரல் தளர்வு

குளிர் என் விரல்களுக்கு ஆகாது. காலையில் பைக் ஓட்டினால் முதலில் சுண்டுவிரல், பிறகு ஒவ்வொன்றாக வெளுத்து மரத்துப்போகும். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் சேர்ப்பது என் வேலை. ஊசியை எடுக்கும் முன் கையைத் தேய்த்துச் சமாளித்துவிடலாம். பிரேக் அவ்வளவு நேரம் பொறுக்காது. போன மாதம் விரல் மடங்காமல் நேரே போய் ஆய்வகத்தின் இரும்புக் கதவில் முட்டினேன். ஊரில் அத்தனை பேர் இருக்க, அதைப் பார்த்தது பஸ் ஓட்டும் என் அண்ணன். பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு இறங்கி வந்தான்.

"வண்டிய குடுத்துடு. பஸ்ஸுல போ."

"உன் முதல் பஸ் வர்றதுக்குள்ள பாதிப் பேர் சாப்பிட்டு முடிச்சிருப்பாங்க அண்ணா. வெறும் வயித்துல எடுக்கற ரத்தம்."

"அப்ப வேலைய விடு."

வண்டி அவன் வாங்கிக் கொடுத்தது. அதனால் வாய்க்கு வாய் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டான். வண்டி போனால் வேலை போகும். எனக்கு இந்த வேலை பிடிக்கும், விட மனசில்லை.

சூடாகும் கைப்பிடி என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தவர் என் கணவர். கிடங்கில் பார்சல் கட்டுகிறவர். அவர் கட்டிய பெட்டியைக் குலுக்கினால் உள்ளே கண்ணாடி டம்ளர்கூட வாய் திறக்காது. வீட்டில் ஊறுகாய் பாட்டிலைக்கூட அவர் மூடினால் அவர்தான் திறக்க வேண்டும்.

கடைக்காரர் இரண்டு வகை எடுத்துப் போட்டார். ஒன்று, இருக்கிற கைப்பிடிமேல் சுற்றிக் கட்டுவது. கட்டுவது என்றதும் இவர் முகம் மலர்ந்தது. நான் பிடித்துப் பார்த்தேன். பூசணிக்காயைப் பிடித்த மாதிரி இருந்தது, என் குட்டை விரல் பிரேக்குக்கு எட்டாது. இன்னொன்று, பழைய கைப்பிடியைக் கழற்றிவிட்டு மாட்டுவது. மெல்லிசாக இருந்தது. அதையே எடுத்தோம்.

"வலது பக்கத்து ஓட்டை பெருசா இருக்கே. கம்பெனிக்காரன் தூங்கிட்டானா?" என்றார் இவர்.

"அது ஆக்ஸிலேட்டர் குழாய்மேல ஏறணும் சார். அந்தப் பக்கத்து வயர மட்டும் இறுக்கிடாதீங்க. கைப்பிடியோட சேர்ந்து அதுவும் சுத்தணும். தளர்வா விடுங்க."

இவர் தலையாட்டினார். தளர்வு என்பது இவர் அகராதியில் கெட்ட வார்த்தை என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

சனிக்கிழமை மதியம் வாசலில் உட்கார்ந்தார். பழைய கைப்பிடிகளைப் பிளேடால் கீறி உரித்தார். குழாயின் மேடுகளை அரத்தால் ராவினார். பசை தடவி, காய்வதற்குள் புதியதைத் திருகி ஏற்றினார். சாவியை அணைத்தால் சூடும் அணையும்படி பின்விளக்கு லைனிலிருந்து இணைப்பு எடுத்தார். கடைசியாக, வயர்களை பிளாஸ்டிக் பட்டியால் வரிசையாகக் கட்டினார். ஒரு கம்பி வெளியே தெரியவில்லை. சாவியைப் போட்டு உள்ளங்கையை வைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. முறுக்கிப் பார்த்தோம், விட்டதும் ஆக்ஸிலேட்டர் திரும்பியது. ஹேண்டிலைத் திருப்பிப் பார்க்க இருவருக்குமே தோன்றவில்லை.

ஞாயிறு விடிந்தும் விடியாமலும் அண்ணன் வந்து நின்றான்.

"கீழ பாலம் வரைக்கும் போயிட்டு வா. விரல் வெளுக்கலன்னா நான் வாயத் தொறக்கல. வெளுத்துச்சுன்னா சாவி எனக்கு."

பனி முகத்தில் அடித்தது. விரல் பத்தும் அடுப்பங்கரையில் இருப்பதுபோல் இருந்தன. இறக்கம் முழுக்க நான் சிரித்துக்கொண்டே போனேன்.

பாலத்தில் வண்டியைத் திருப்ப வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலை இடது பக்கம் முழுதாக ஒடித்தேன். இஞ்சின் அலறியது. நான் முறுக்கவில்லை. என் கைக்குள் கைப்பிடி தானாகச் சுழன்றது. வண்டி பாலத்தின் கைப்பிடிச் சுவரை நோக்கிப் பாய்ந்தது. முழங்கால் உயரச் சுவர், அதற்கப்பால் ஆறு. செத்தேன் என்றுதான் நினைத்தேன்.

இடது கை கிளட்சைப் பிடித்தது. வலது கை பிரேக்கைப் பிடித்தது. முன் சக்கரம் சுவரில் உரசி நின்றது. இஞ்சின் மட்டும் கத்திக்கொண்டே இருந்தது. சாவியை அணைத்தேன்.

ஹேண்டிலை நேராக்கி மறுபடி இடது பக்கம் திருப்பினேன். வலது வயர் விறைத்து, கைப்பிடியை இழுத்துச் சுழற்றியது.

அண்ணனும் இவரும் ஓடி வந்தார்கள். சத்தம் மேலே வரை கேட்டிருக்கிறது. என் கணவர் என்னைப் பார்க்கவில்லை, வயரைத்தான் பார்த்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"நான்தான் இறுக்கிட்டேன் மச்சான். கடைக்காரர் சொன்னாரு. கேக்கல."

அண்ணன் என்னிடம் கை நீட்டினான். "சாவி."

"விரலப் பாருண்ணா. செவப்பா இருக்கு. போன மாசம் மடங்காத விரல்தான் இன்னைக்கு பிரேக்கப் புடிச்சுது. இந்தச் சூடு இல்லன்னா நான் ஆத்துல கெடப்பேன்."

"இந்தச் சூடு இல்லன்னா ஆக்ஸிலேட்டர் இழுத்தே இருக்காது."

அதுவும் நிஜம். நான் சாவியைக் கொடுத்தேன்.

என் கணவர் பையிலிருந்து பார்சல் கத்தியை எடுத்தார். தான் கட்டிய பட்டிகளை ஒவ்வொன்றாக அறுத்தார். வலது வயரை வளைத்துத் தொங்கவிட்டு, இரண்டு விரல் நுழைத்துப் பார்த்தார். அசிங்கமாக ஆடியது. கட்டக் கை துடித்ததை நான் பார்த்தேன். கட்டவில்லை.

அண்ணன் ஹேண்டிலை இடதும் வலதுமாக ஒடித்து ஒடித்துப் பார்த்தான். பிறகு ஏறி உட்கார்ந்து கிளம்பினான். பாலத்தைத் தாண்டி வளைவில் மறைந்தான். சத்தம் தேய்ந்து நின்றே போனது. கொண்டுபோய்விட்டான் என்று நான் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ரொம்ப நேரம் கழித்து வண்டிச் சத்தம் திரும்பி வந்தது. அண்ணன் பாலத்தின் நடுவில் இடது பக்கம் முழுதாக ஒடித்துத் திருப்பினான். இஞ்சின் பேசாமல் இருந்தது. எங்கள் முன்னால் வந்து நின்றான். கைப்பிடியிலிருந்து கையை எடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

"தினமும் கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் ஒடிச்சுப் பாக்கணும்" என்று சொல்லி, சாவியை என் உள்ளங்கையில் வைத்து மூடினான். அவன் கை சூடாக இருந்தது.