டம்மி இல்லாத பேண்ட் செட்

அம்பத்தூரில் வேதமுத்துவின் பேண்ட் செட்டுக்கு ஒரு பெயர் உண்டு: அதில் டம்மி கிடையாது. கல்யாண வீட்டார் இருபது பேர் கேட்டால், மற்ற செட்டுக்காரர்கள் கூலியாட்களுக்கும் சிவப்புக் கோட்டு மாட்டி, ஊதத் தெரியாதவன் கையிலும் ஒரு டிரம்பெட்டைக் கொடுத்து நிறுத்திவிடுவார்கள். வேதமுத்து அதைச் செய்ததே இல்லை.

தொண்ணூற்றொன்றில், ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, பதிவில்லாத இலங்கைத் தமிழர்களைப் போலீஸ் வீடு வீடாகத் தேடியது. போருக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து படகேறி வந்து, முகப்பேரில் வாடகைக்கு இருந்த நான்கு வாத்தியக்காரர்களை வீட்டுக்காரர் காலிபண்ணச் சொல்லிவிட்டார். வேதமுத்து அவர்களைத் தன் வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் தங்கவைத்து, நாகர்கோவில் பசங்க என்று ஊருக்குச் சொன்னார். மூன்று பேர் மாதா கோயில் பேண்டில் வாசித்தவர்கள்; அவர்களுக்குக் கோட்டு மாட்டிவிட்டார். நான்காமவன் யோகநாதன், வயலின்காரன்.

"அந்தப் பையனுக்கும் ஒரு டிரம்பெட்டக் குடுத்து சும்மா நிக்கவையேன்யா. எவன் பாக்கப்போறான்?" என்றாள் மனைவி தெரசா.

யோகநாதனும் கெஞ்சினான். "அண்ணை, சத்தம் வராமல் ஊதிற மாதிரி நிப்பன்."

வேதமுத்துவுக்கு மனம் ஒப்பவில்லை. ஊதக் கற்றுக்கொள், பிறகு கூட்டிப்போகிறேன் என்றார். ஆவடியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அவனை மட்டும் ஷெட்டில் விட்டுப்போனார். திரும்பி வந்தால் தெரசா வாசலில் அழுதுகொண்டு நிற்கிறாள். போலீஸ் வந்து ஷெட்டில் இருந்தவனைப் பிடித்துப்போயிருந்தது. தான் மட்டும்தான் அங்கே தங்கியிருப்பதாக யோகநாதன் சொல்லியிருந்தான்.

வேதமுத்து கோட்டைக்கூடக் கழற்றாமல் ஸ்டேஷனுக்கு ஓடினார். பையன் தன் செட்டில் வாசிக்கிறவன், தான் பொறுப்பு என்றார். அவரைப் பல கல்யாணங்களில் பார்த்திருந்த இன்ஸ்பெக்டர் நல்லபடியாகத்தான் பேசினார்.

"சரி நைனா, இன்னா வாசிப்பான்?"

டிரம்பெட் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு வாத்தியக்காரனைப் பற்றி யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லியே பழகிய வாய் அது.

"வயலின் சார்."

"பேண்டு செட்ல வயலினா?"

போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். பெஞ்சில் இருந்த யோகநாதன் தலையைக் குனிந்துகொண்டான்.

முகாமில் வைத்திருந்து, மறுவருஷம் அவனைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். மற்ற மூவரும் வேதமுத்துவிடமே இருந்தார்கள். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து யாராவது வந்தால், யோகநாதனைப் பார்த்தீர்களா என்று அவர்கள் விசாரிப்பது ஷெட்டிலிருந்து கேட்கும். பதில் வருவதற்குள் வேதமுத்து எழுந்து தெருப்பக்கம் போய்விடுவார்.